வாத்தியார் வீட்டுக்குப் போன பொம்மைகள்

"இதுவா?"

ராஜமதி மண் யானையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஜீவரத்தினம் வாத்தியாரின் இடது கண் யானையைப் பார்த்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்து நான்கு நாளாகிவிட்டது. பேச்சும் அதோடு போய்விட்டது. ஆமாம் என்றால் கண்ணை ஒருதரம் மூடித் திறக்கவேண்டும் என்று விடிகாலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். கண் மூடவில்லை. யானையைப் பாயோரமாக வைத்துவிட்டு, சுவர் அலமாரிக்குப் போய் அடுத்ததை எடுத்துவந்தாள்.

"இது ஆந்தை. நல்லா பாருங்க. இதுவா?"

அதுவும் இல்லை.

மார்கழி மாதம். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது. பனி இப்படி இறங்கிவிட்டால் செஞ்சியில் ஒன்பது மணிவரைக்கும் மலையும் கிடையாது, கோட்டையும் கிடையாது. பால்காரரின் சைக்கிள் மணிகூடப் பஞ்சுக்குள் சுற்றி வைத்ததுபோல் எங்கிருந்தோ கேட்கும். ராஜமதிக்கு நான்கு இரவின் தூக்கம் கண்ணில் நின்றது. நடப்பது நிஜமா சொப்பனமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. சொப்பனம் என்று நினைத்துக்கொண்டதால்தானோ என்னவோ, இருபது வருஷமாகக் கேட்காததை இவ்வளவு சுலபமாகக் கேட்க முடிந்தது.

அலமாரியில் மூன்று தட்டு. மூன்றிலும் சேர்த்து நாற்பத்தொரு மண்பொம்மைகள். சூளையில் வைக்காமல் நிழலில் காயவைத்தவை. அவற்றில் நாற்பது, ஊரார் பிள்ளைகள் செய்தவை. ஒன்று மட்டும் அவள் மகன் தர்மதாஸ் செய்தது. எது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவர் இப்போது ஒரு மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை மூடமாட்டேன் என்கிறார்.

"சொல்லிட்டுப் போங்க," என்றாள் அவள். "நான்தான் கேக்கல. நீங்களாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

பன்னிரண்டாவதாக ஒரு தவளை. அதை முகத்துக்கு நேரே பிடித்தாள். கண் திறந்தேதான் இருந்தது. அவள் காத்திருந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்க்கிறாரே, இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். கை வலிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவர் தவளையைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

இரண்டு நாளாக வெளி அறையில் படுத்திருந்த கொழுந்தன் அப்பாண்டைநாதன் காப்பித் தம்ளரோடு உள்ளே வந்தார். பாயைச் சுற்றி யானையும் ஆந்தையும் மயிலுமாக நிற்பதைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, அண்ணன் காதோரம் குனிந்து, உயிர் பிரிகிறவருக்கு ஜைனர்கள் சொல்லும் பஞ்சமந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ராஜமதி தவளையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

*

ஜீவரத்தினம் கைத்தொழில் வாத்தியார். மற்ற பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கையில் தக்களியைக் கொடுத்து நூல் நூற்கச் சொன்ன காலத்தில், இவர் குளக்கரையிலிருந்து களிமண்ணைக் கூடையில் சுமந்துவந்து வகுப்பின் நடுவில் கொட்டினார். ஒன்றாம் வகுப்புக்கு உருண்டை பிடித்து, கட்டைவிரலை உள்ளே விட்டுச் சுழற்றிக் கிண்ணம் செய்வது. இரண்டாம் வகுப்புக்கு மண்ணைக் கயிறாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கிப் பானை. மூன்றாம் வகுப்புக்குச் சப்பாத்தியாகத் தட்டி, வேப்பிலையை அழுத்தி எடுத்து இலை நரம்பு பார்ப்பது, சுவர் சுவராக வெட்டி வீடு கட்டுவது. ஆடு, மாடு, பறவை செய்ய வகுப்புக் கணக்கு கிடையாது, எல்லாரும் செய்தார்கள்.

அதில் ஒரே ஒரு கண்டிப்பு. கண்ணைக் கடைசியில்தான் வைக்கவேண்டும். கண் வைக்கும் வரைக்கும் அது மண், பிடிக்கவில்லையென்றால் பிசைந்து வேறு செய்யலாம். ஈர்க்குச்சியால் இரண்டு கண் குத்திவிட்டால் பிறகு அதை யாரும் உடைக்கக்கூடாது, செய்தவன் உட்பட. எறும்பு ஏறிய விறகை அடுப்பில் வைக்காத ஜைன வீட்டுப் பிள்ளைதான் அவர். ஆனாலும் இவ்வளவு தூரத்துக்கு எந்தத் தீர்த்தங்கரரும் கேட்டிருக்கமாட்டார் என்று ராஜமதியே கேலி செய்ததுண்டு. அப்போதெல்லாம் அந்த வீட்டில் கேலி இருந்தது.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில், ஆறு வயது தர்மதாஸ் அப்பா வகுப்பில் ஏதோ ஒரு பொம்மை செய்தான். என்ன பொம்மை என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை. காய்ந்ததும் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னான். அன்று ராத்திரியே காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் போய்விட்டான். ஈர மண்ணில் நாள் முழுக்க உட்கார வைத்ததால் வந்த காய்ச்சல் என்று ராஜமதி முடிவுகட்டிவிட்டாள். டாக்டர் வேறு காரணம் சொன்னார். டாக்டரா பெற்றார்?

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் ஜீவரத்தினம் துண்டில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தார். "தர்மன் செஞ்சது," என்று முடிச்சை அவிழ்க்கப் போனார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "என் கண்ணுல காட்டாதீங்க. புள்ளையத் தின்ன மண்ணு. எங்கியாவது ஒடச்சிப் போடுங்க."

அவரால் உடைக்க முடியாது. கண் வைத்தாயிற்று. காட்டவும் முடியாது. அவர் செய்த காரியம், அந்த வருஷமே வேறு இரண்டு பிள்ளைகளின் பொம்மைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றையும் அலமாரியில் வைத்ததுதான். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு. பள்ளிக்கூடத்தில் ஒழுகுகிறது என்று காரணம் சொன்னார். வருஷத்துக்கு இரண்டு, இருபது வருஷம். பிள்ளைகளுக்கு அது பெரிய கௌரவமாகிவிட்டது. கலெக்டர் கையால் பரிசு வாங்குவதைவிட, தன் பொம்மை 'வாத்தியார் வீட்டுக்குப் போச்சு' என்று சொல்லிக்கொள்வதுதான் செஞ்சிப் பிள்ளைகளுக்குப் பெருமை.

முதலில் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. நான்காவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, அலமாரியைக் கடந்து போகும்போது திடீரென்று விளங்கிற்று. தன் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று மகனைக் கூட்டத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அந்த நிமிஷமே கேட்டிருக்கலாம். நாக்கு எழவில்லை. அவள் கேட்கட்டும் என்று அவரும், அவர் சொல்லட்டும் என்று அவளும் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அது பேசாமல் இருப்பதற்கென்றே வைத்த ஒரு விஷயமாகிவிட்டது.

*

"பகலு குறைச்சலு அண்ணி. நாலு மணிக்கெல்லாம் தூக்கிடணும்," என்றார் அப்பாண்டைநாதன். "இருட்டுல வெக்கறது நம்ம வழக்கம் இல்ல. மேல்சித்தாமூர் மடத்துக்கு ஆள் போயிருக்குது. கொள்ளிக்கு நான் இருக்கறேன். நீ அதப்பத்தி நெனைக்காத."

அவள் அதைப்பற்றி நினைக்கவில்லை. மடியில் இருந்த தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனி விலகி மலை பாதி தெரிந்தபோது முதல் ஆளாக வந்தது கண்டக்டர் சுந்தரமூர்த்தி. திண்டிவனம் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு ஓடிவந்திருந்தான். வாத்தியார் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நிமிர்ந்தவன் அவள் மடியையே பார்த்தான்.

"அம்மா, அந்தத் தவளை."

"இன்னாப்பா?"

"அது என்னுது. மூணாங்கிளாஸ்ல செஞ்சேன். வயித்துல வெரலால அமுக்கின பள்ளம் இருக்கும், பாருங்க." அவள் திருப்பிப் பார்த்தாள். பள்ளம் இருந்தது. கண்டக்டர் பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு அவன் தவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. "இத நான் எடுத்துக்கினு போகட்டுமாம்மா? சார் ஞாபகமா."

கொடுக்கமாட்டேன் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அப்போதுதான் தோன்றியது. செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்களுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டால், கடைசியில் ஆளில்லாமல் நிற்பதுதான் தர்மன். நாலு மணிக்கு முன்னால், அவர் இந்த வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

"எடுத்துக்கோ," என்றாள். "உன் வயசு ஆளுங்க யாரு யாரு பொம்மை இங்க வந்துதுன்னு உனக்குத் தெரியும் இல்ல? எல்லாத்துக்கும் சொல்லியனுப்பு. இன்னிக்கே வந்து எடுத்துக்கச் சொல்லு."

அப்பாண்டைநாதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாவு வூட்டுலருந்து ஒரு துரும்பு வெளிய போகக்கூடாது அண்ணி. சாமானை அள்ளி அள்ளிக் குடுப்பாங்களா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"அது நம்ம சாமான் இல்ல தம்பி. அவங்கவங்க வெச்சிட்டுப் போனது."

"நாளைக்கி குடுக்கறது."

"இன்னிக்கிதான்," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

*

பஸ் கண்டக்டர் வாயில் போட்ட செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. பத்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையிலிருந்து பையோடு வந்தவர்கள், அவலூர்பேட்டைச் சந்தைக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பியவர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள். எல்லாரும் முதலில் அவர் காலடியில் நின்றார்கள். பிறகு அலமாரிப் பக்கம் போனார்கள். அங்கே போனதும் அவர்கள் முகம் மாறுவதை ராஜமதி தலைமாட்டில் உட்கார்ந்தபடி பார்த்தாள். மீசை வைத்த ஆளுக்குக்கூட எட்டு வயது முகம் வந்தது. சத்தமில்லாமல் வந்து, எடுத்து, ஊதி, கையில் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் மண்தூசு மெதுவாக மிதந்துகொண்டிருந்தது.

செந்தாமரை என்ற பெண் ஒரு கிளியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதுக்கு றெக்கை நிக்கவே இல்லம்மா. ஒட்டற எடத்த ரெண்டு பக்கமும் கீறிட்டு, கூழா கரைச்ச மண்ண தடவி ஒட்டுன்னு சார் சொன்னாரு. நான் எச்சி தொட்டு ஒட்டினேன். நாலு வாட்டி உழுந்துது. திட்டவே இல்ல. அஞ்சாவது வாட்டி அவரே புடிச்சிக்கினு நின்னாரு, காயற வரைக்கும்."

"உன் கிளின்னு எப்படிக் கண்டுபுடிச்ச?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க. நான் செஞ்சது எனக்குத் தெரியாதா?"

மத்தியானத்துக்கு மேல் லட்சுமியம்மாள் வந்தாள், மளிகைக்கடைக்காரர் வீட்டு அம்மாள். அவள் மகன் பட்டாளத்தில், எங்கோ பனிமலைப் பக்கம் இருக்கிறான். அவள் நேராக இரண்டாவது தட்டுக்குப் போய், தேடாமல், ஓர் ஆமையை எடுத்தாள்.

"உங்க பையன் காட்டியிருக்கானா?" என்று கேட்டாள் ராஜமதி.

"காட்டல. சொன்னான். ஆமைக்கு அஞ்சு கால் வெச்சிட்டேம்மா, சார் பாக்கவே இல்லன்னு, தூங்கற வரைக்கும் அதேதான். பாருங்க, அஞ்சு." லட்சுமியம்மாள் ஆமையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

ராஜமதி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் தர்மனும் அடுப்படியில் வந்து நின்று, "நான் இன்னா செஞ்சேன் சொல்லு பாப்போம்" என்றான். விறகு ஈரம். புகை. "அப்புறம் சொல்லு, போ" என்று அவள்தான் விரட்டினாள். இருபது வருஷமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மண்ணின் மேல் பழியைப் போட்டு மூடி வைத்திருந்தது இதைத்தான்.

ஜவுளிக்கடை ராஜாராம் வந்ததும் அவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டாள். அவன் தர்மனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவன். இப்போது தொந்தி விழுந்து, இரண்டு பிள்ளைக்கு அப்பன்.

"தர்மன் இன்னா பொம்மை செஞ்சான், உனக்கு ஞாபகம் இருக்குதா?"

ராஜாராம் வெகுநேரம் யோசித்தான். "கோழின்னு நெனைக்கிறேன். இல்லம்மா, கோழி நான் செஞ்சது. அவன்..." உதட்டைப் பிதுக்கினான். "பொய் சொல்லக்கூடாது. ஞாபகம் இல்லம்மா."

மூன்று மணிக்கு அலமாரியில் ஆறு இருந்தன. ஊரைவிட்டுப் போனவர்களுக்காக அண்ணன் தம்பிகள் வந்து எடுத்தார்கள். மூன்றாயிற்று. வாசலில் மூங்கில் கட்டும் சத்தம் கேட்டது. மலை இப்போது முழுதாகத் தெரிந்தது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒருவர் தன் மண் மாட்டுவண்டியை எடுத்துக்கொண்டு போனார். இன்னொருத்தி பனமலையிலிருந்து நடந்தே வந்து, மூச்சு வாங்க, ஒரு முயலை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்று நின்றது.

கீழ்த் தட்டில், சுவரோடு ஒட்டினாற்போல், உள்ளங்கை அளவு. ராஜமதி எழுந்து போனாள். குனிந்தாள். தொடாமல் பார்த்தாள். நாயோ கன்றோ, சட்டென்று சொல்ல முடியாது. நான்கு கால், தூக்கிய வால். ஒரு காது நீளமாக இருந்தது. இன்னொரு காது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, விரல் தேய்த்த தடம்தான் இருந்தது.

பின்னால் ராஜாராம் வந்து நின்றிருந்தான். "கன்னுக்குட்டிம்மா," என்றான். "இப்ப ஞாபகம் வந்துடுச்சி. ஒரு காதுக்கு மண்ணு பத்தல. என்கிட்ட கொஞ்சம் கேட்டான். எனக்கே கொஞ்சமாத்தான் இருந்துது. நான் தரல."

ராஜமதி அதை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனம். வயிற்றுப் பக்கமெல்லாம் சின்னச் சின்ன விரல் பள்ளங்கள். அவள் சுண்டுவிரல்கூட அவற்றில் பொருந்தவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்ததும் சில நேரம் அப்படியே நிற்பார்களே, அப்படி நின்றாள்.

"அண்ணி, பொழுது இறங்குது," என்று அப்பாண்டைநாதன் கூப்பிட்டார்.

கன்றுக்குட்டியோடுதான் வாத்தியாரை மூன்று முறை சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றில் முகத்தருகே நின்று, அதை அவருக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இப்போது அவள் கேள்வி கேட்கவில்லை.

தூக்கினார்கள். கொழுந்தன் நெருப்புச்சட்டியோடு முன்னால் நடந்தார். வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வர யாருக்கும் மனமில்லாததால், ஆண்கள் எல்லாரும் பொம்மைகளைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் கிளம்பினார்கள். ராஜமதி வாசல்படியில் நின்றாள். அதற்குமேல் பெண்கள் போவதில்லை. கடைசியாக ஓர் ஆள் மட்டும் வெறுங்கையோடு தயங்கி நின்றான். ஆதிமூலம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன்.

"உன்னுது கெடைச்சுதாப்பா?"

"என்னுது வரலம்மா. நான் எது செஞ்சாலும் வெடிச்சிடும். அவசரப்பட்டு வெயில்ல வெச்சிடுவேன். சும்மா சார பாக்கத்தான் வந்தேன்."

ஊர்வலம் நாலு வீடு தாண்டிவிட்டது. ராஜமதி கையிலிருந்ததை ஒருதரம் முந்தானையால் துடைத்தாள். அதை அவன் கையில் வைத்தாள்.

"இவன் எங்க வூட்டுப் புள்ள. அவங்க அப்பாகூட அங்க வரைக்கும் வரட்டும். நீ தூக்கிக்கினு போ."

ஆதிமூலம் கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "பத்தரமா திரும்பக் கொண்டாந்து குடுக்கறேம்மா," என்றான்.

"வழியில எங்கியும் கீழ வெக்காத."

"வெக்கமாட்டேன்."

அவன் வேகமாக நடந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். மூட்டை தூக்குகிற அந்தப் பெரிய கைக்கு அவ்வளவு சின்னப் பொருளை எப்படிப் பிடிப்பதென்று முதலில் தெரியவில்லை. கையை மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு குழந்தையைப் போடுவதுபோல் தோளில் போட்டு, ஒரு கையால் அணைத்துக்கொண்டான். கன்றுக்குட்டியின் முகம் அவன் தோளுக்குமேல் பின்பக்கம் பார்த்திருந்தது. கடைத்தெரு முனை திரும்பும் வரைக்கும் அது தெரிந்தது.